பினாங்கு ஜார்ஜ்டவுன் பழைய பட்டணம்: இரண்டு காலையில் நடந்து பார்க்க எந்த வழி நல்லது?

கிள்ளான்வாசி:

வணக்கம் எல்லாருக்கும். வியாழன் மாலை இடிஎஸ் மின்சார ரயிலில் பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுன் வருகிறோம். வெள்ளி, சனி இரண்டு காலையும் கையில் இருக்கிறது. சனி மாலை திரும்பிவிட வேண்டும். அம்மாவுக்கு 68 வயது, முட்டிவலி உண்டு. ஆனால் அங்கங்கே உட்கார்ந்து எழுந்தால் நடந்துவிடுவார். பத்து வயதுப் பையனும் கூட வருகிறான். கார் எடுக்காமல் நடந்தே பார்க்க ஆசை.

தேடினால் கிடைக்கும் வரைபடங்கள் எல்லாமே சுவரோவியங்களைத்தான் புள்ளி வைத்துக் காட்டுகின்றன. எங்களுக்குக் கோட்டை, கோயில், பள்ளிவாசல், கொங்சி (சீனக் குலச் சங்க வீடு), பழைய கடைவீடுகள் முக்கியம். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? ஒரு காலைக்கு எவ்வளவு தூரம் தாங்கும்? அஞ்சடி, அதாவது கடைவீடுகளின் முன்னால் ஓடும் கூரையுள்ள நடைபாதை, நடக்கிற மாதிரி இருக்கிறதா? வெள்ளிக்கிழமை என்பதால் எதையாவது மாற்றி வைக்க வேண்டுமா?

லெபோபாசார்:

வணக்கம் சகோதரி. உலக மரபுடைமைப் பகுதியின் மையம் 109 ஹெக்டர்தான். கணக்குப் பார்த்தால் ஒரே நாளில் சுற்றிவிடலாம், ஆனால் சுற்றக் கூடாது. ஒரு காலைக்கு இரண்டு, மிஞ்சினால் இரண்டரைக் கிலோமீட்டர் போதும். காலை 7.30-க்குக் கிளம்பி 11-க்குள் நிழலுக்குள் வந்துவிட வேண்டும். அதற்கு மேல் தார்ச்சாலைச் சூடு அம்மாவையும் பையனையும் களைப்பாக்கிவிடும். பிறகு எந்தக் கட்டடமும் கண்ணில் நிற்காது.

வெள்ளிக்கிழமையை வைத்தே வரிசையைப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வட பகுதி: கோட்டை, திடல், தேவாலயம், லிட்டில் இந்தியா. இரண்டாம் நாள் தென் பகுதி: பள்ளிவாசல்கள், கொங்சி, படகுத்துறை வீடுகள். வெள்ளி ஜும்மா வேளையில் பள்ளிவாசலுக்குள் பார்வையாளர் போக முடியாது, சுற்றுத் தெருக்களிலும் வண்டிகள் நெருக்கும். சனிக்கிழமை காலை அமைதியாக இருக்கும்.

வெள்ளி காலை விக்டோரியா மணிக்கூண்டில் தொடங்குங்கள். லெபோ பந்தாய், லெபோ லைட் (லெபோ என்றால் தெரு) இரண்டும் சேரும் வட்டச் சாலையில் இருக்கிறது. விக்டோரியா மகாராணி பட்டமேறி 60 ஆண்டு நிறைந்ததற்காக 1897-இல் செல்வந்தர் செய சென் இயோக் கட்டக் கொடுத்தது. ஆண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடி உயரம். முடிந்தது 1902-இல், அதற்குள் மகாராணி காலமாகிவிட்டார். சற்றுத் தள்ளி நின்று பையனை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள்: கூண்டு லேசாகச் சாய்ந்திருக்கும். இரண்டாம் உலகப்போரில் பக்கத்தில் விழுந்த குண்டுகளின் விளைவு அது.

அங்கிருந்து கார்ன்வாலிஸ் கோட்டை கூப்பிடு தூரம். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டு 11-இல் தீவை முறையாகக் கைக்கொண்டபோது எழுப்பியது நிபோங் மரக்கம்பு வேலிதான். செங்கல் சுவர் பின்னால் வந்தது, கைதிகளின் உழைப்பில். நட்சத்திர வடிவச் சுவரை மேலே ஏறிப் பார்த்தால்தான் புரியும். அம்மாவுக்குப் படி வேண்டாம் என்றால் கீழேயே இருக்கட்டும். செரி ரம்பாய் பீரங்கிக்கு வழி கேட்டுக்கொண்டு போங்கள். 1603-இல் வார்த்த டச்சு பீரங்கி. ஜொகூர், அச்சே, சிலாங்கூர் என்று கைமாறி இங்கே வந்தது. இந்தக் கோட்டை ஒரு சண்டையும் கண்டதில்லை. உள்ளே நுழையக் கட்டணம் உண்டு, நிழல் குறைவு. அதனால் இதை முதலிலேயே முடித்துவிட வேண்டும்.

பிறகு பாடாங் கோத்தா லாமா கடலோரமாக மேற்கே நடந்தால் பழைய நகர மண்டபமும் 1903-இல் கட்டிய மாநகர் மண்டபமும் பக்கம் பக்கமாக நிற்கும். கடற்சுவரை ஒட்டிப் போங்கள், அம்மா உட்கார இடம் இருக்கிறது. லெபோ லைட்டுக்குத் திரும்பி நீதிமன்றத்தைத் தாண்டினால் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். 1818-இல் எழுந்தது, தென்கிழக்காசியாவில் ஆங்கிலிக்கர்களுக்கென்றே கட்டியவற்றில் மிகப் பழையது. உள்ளே திறந்திராவிட்டாலும் பரவாயில்லை. பருத்த தூண்கள் தாங்கும் முகப்பும், முன்னால் லைட்டின் நினைவாக 1886-இல் வைத்த சிறு மண்டபமும் வெளியிலிருந்தே தெரியும். சுற்றிலும் மரநிழல் உண்டு, நல்ல இளைப்பாறும் இடம்.

இங்கேதான் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் தொடங்குகிறது. பழைய பெயர் பிட் தெரு. என் எண்ணத்தில் ஜார்ஜ்டவுனில் ஒரே தெருதான் பார்க்க நேரம் என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். தேவாலயம், குவான் யின் கோயில், மாரியம்மன் கோயிலின் பின்புறம், கப்பித்தான் பள்ளிவாசல் என்று அரைக் கிலோமீட்டருக்குள் வரிசையாக நிற்கின்றன. அக்கம்பக்கத்தில் வந்து இறங்கியவர்கள் அவரவர் வழிபாட்டுக்கு வாங்கிய இடம் அப்படியே இருநூறு ஆண்டாக நிலைத்திருக்கிறது. குவான் யின் கோயில் முற்றத்தில் நின்று நேரே பாருங்கள்: லெபோ சைனா வழியாகப் பார்வை கடல் வரைக்கும் ஓடும். கோயில் அந்தத் தெருவையே தன் சன்னதித் தெருவாக்கி நிற்கிறது. ஊதுபத்திப் புகை அதிகம். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் முற்றத்தோடு நின்றுவிடலாம்.

லெபோ குயினில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில், 1833. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், 11-க்கு முன் போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கும், ஆனால் பூசை பார்க்க அதுதான் நல்ல நாள். கோபுரத்தைப் படம் எடுக்க எதிர் அஞ்சடிக்குப் போனால்தான் முழுதும் அடங்கும், தெரு அவ்வளவு குறுகல். முதல் நாள் இங்கே முடித்து, லெபோ பாசார் பக்கம் சாப்பிட்டுத் தங்கும் இடத்துக்குத் திரும்புங்கள். காலைப் பசியாறுதலை, நடை தொடங்கும் முன்பே தங்கும் இடத்தின் பக்கத்தில் முடித்துக்கொள்வது நல்லது. கோட்டைப் பக்கம் காலை வேளையில் கடை குறைவு.

சனி காலை லெபோ சூலியாவும் லெபோ கிங்கும் சந்திக்கும் முனையில் நாகூர் தர்காவில் தொடங்குங்கள். ஷாகுல் ஹமீது வலியுல்லாவின் அடக்கத்தலம் நாகூரில் இருக்கிறது. இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் நினைவாகத் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. வெளிச்சுவரை ஒட்டிச் சிறு கடைகள் இருப்பதால் பலர் தர்கா என்று தெரியாமலே கடந்துபோகிறார்கள். நாலு மூலைச் சிறு மினார்களை அண்ணாந்து தேடுங்கள்.

அங்கிருந்து கப்பித்தான் பள்ளிவாசல். 1801-இல் தொடங்கியது, இன்று காணும் குவிமாடமும் உயர்ந்த மினாராவும் பிற்காலத்தில் பெரிதாக்கியபோது வந்தவை. தொழுகை நேரம் தவிர மற்ற நேரம் வெளியார் வரலாம், மேலங்கி அங்கேயே தருவார்கள். இதை எழுப்பிய சமூகத் தலைவர் கப்பித்தான் காதர் முகைதீனின் அடக்கத்தலம் கொஞ்சம் தள்ளிக் கம்போங் கோலத்தில் இருக்கிறது, இரண்டு நிமிட நடை.

அடுத்து லெபோ கேனன் வழியாகக் கூ கொங்சி. உள்ளே போகிற வழி ஒரு சந்து; தாண்டியதும் கல் பாவிய முற்றம் திறக்கும். 1901-இல் தீயில் போனதை 1906-இல் மீண்டும் கட்டி முடித்தார்கள். அரசர் மாளிகைக்கு நிகராகக் கட்டியதால் தெய்வம் பொறுக்கவில்லை என்று சொல்லி, இரண்டாம் முறை அளவைக் குறைத்தார்களாம். குறைத்த பிறகும் இதுதான்! காலை 9-க்குத் திறக்கும், மாலை 5-க்கு மூடும், கட்டணம் உண்டு. கூரை முகட்டுப் பீங்கான் சிற்பத்துக்காகவே கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

பிறகு லெபோ அச்சே பள்ளிவாசல், 1808. எட்டுப் பட்டை மினாரா. மேலே ஒரு வட்டத் துளை தெரியும். 1867-இல் இரகசியக் குழுக்கள் மோதிய பினாங்குக் கலவரத்தில் பீரங்கிக் குண்டு பட்ட இடம் என்று சொல்லப்படுகிறது. ஹஜ் பயணிகள் கப்பலுக்குக் காத்திருந்து புறப்பட்ட பேட்டை இதுதான். முடிவில் லெபோ ஆர்மேனியன் வழியாகக் கடலை நோக்கிக் கிழக்கே நடந்து, கடலோரச் சாலையான பெங்காலான் வெல்டைக் கடந்தால், சியூ குலத்தார் கடலுக்கு மேல் வீடு கட்டி வாழும் சியூ படகுத்துறை. அங்கிருந்து ஃபெரிக்கு அரைக் கிலோமீட்டர்தான், ஊருக்குத் திரும்புகிற நாளுக்கு அது வசதி.

அஞ்சடி:

வழி நன்றாக இருக்கிறது. நான் கால் வைக்கிற இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நடை கெடுவது அங்கேதான்.

அஞ்சடி என்பது வரைபடத்தில் ஒரே கோடு, தரையில் அப்படி இல்லை. ஒவ்வொரு கடைவீட்டுக்காரரும் அவரவர் காலத்தில் தளம் போட்டதால் வீட்டுக்கு வீடு ஒரு படி ஏறும், ஒரு படி இறங்கும், சில இடத்தில் முழங்கால் உயரம் வரை. பழைய மெழுகுத் தரை ஓடு மழையில் வழுக்கும். நடுவில் மோட்டார்சைக்கிள், சரக்குப் பெட்டி, சாமி மாடம் ஏதாவது வழியை மறிக்கும். அப்போது சாலையில் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்குகிற இடத்தில் லோங்காங், அதாவது சாலையோர வடிகால். மேலே போட்ட கம்பித்தட்டு ஆடும், சில இடத்தில் தட்டே இராது. லெபோ சூலியாவில் இந்தத் தொல்லை அதிகம். லெபோ பந்தாயில் வங்கிகள் இருக்கும் பகுதி அகலமாகவும் சமமாகவும் இருக்கும்.

முட்டிவலி உள்ளவருக்கு ஏறி இறங்குவதுதான் வேதனை, தூரம் இல்லை. அதனால் காலை 9-க்கு முன், வண்டி குறைவாக இருக்கும்போது, குறுந்தெருக்களில் சாலை ஓரமாகவே சமதளத்தில் நடக்க விடுங்கள், வண்டி வரும் திசையைப் பார்த்தபடி. போக்குவரத்து கூடிய பிறகு அஞ்சடிக்கு ஏறினால் போதும். சிலிப்பர் வேண்டாம், பின்பக்கம் பிடிமானம் உள்ள சப்பாத்து. கோயில், பள்ளிவாசல், கொங்சி என்று கழற்றி மாட்டுவதால் கயிறு கட்டும் வகையும் வேண்டாம்.

நிழலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. லெபோ பந்தாய், பினாங், கிங், குயின், பிட் தெரு எல்லாம் ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகின்றன. காலையில் கடல் பக்கத்து அஞ்சடி நிழலாக இருக்கும், பிற்பகலில் கொம்தார் கோபுரம் நிற்கும் மேற்குப் பக்கத்து அஞ்சடி. குறுக்குத் தெருக்களான பிஷப், கெரேஜா, சைனா, பாசார், சூலியா கிழக்கு மேற்காகப் போவதால் ஆண்டின் பருவத்தைப் பொறுத்து மாறும்: ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், அப்போது வடக்குப் பக்கத்து அஞ்சடியை எடுங்கள், டிசம்பர், ஜனவரியில் தெற்குப் பக்கம்.

மழை பெரும்பாலும் பிற்பகலில்தான். செப்டம்பர் முதல் நவம்பர் வரை பலமாகப் பெய்யும்; ஒரு மணி நேரத்தில் தாழ்ந்த தெருவில் தண்ணீர் நின்றுவிடும், கடல் ஏற்றமும் சேர்ந்தால் வடிய நேரமாகும். தண்ணீர் மூடிய லோங்காங்கின் விளிம்பு தெரியாது. அந்த நேரம் நடக்கவே வேண்டாம், அஞ்சடியில் ஒதுங்கி நில்லுங்கள்.

சுண்ணாம்புச்சாந்து:

கடைவீடு பார்க்க வேண்டும் என்றீர்கள். ஒரு தெருவில் நின்றே காலவரிசை சொல்லிவிடலாம். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். மேல்மாடிச் சன்னலிலிருந்து தொடங்குங்கள்.

மாடி குள்ளமாக, மரப்பலகை அடைப்புகளோடு, அலங்காரம் ஏதும் இல்லாமல் இருந்தால் அது பழைய வகை, 1850-க்கு முன்பின். மாடி முழுதும் மடக்குச் சன்னல் வரிசை, காற்றுத் துளை, பக்கச்சுவர் முகட்டில் வளைவு, சில்லுப் பீங்கான் ஒட்டிய பூ வேலை என்றால் தென்சீன வகை. 1840-களிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை. மரப்பலகைக்குப் பதிலாகச் செங்கல் சுவரும் வளைவுச் சன்னலும் வந்தால் 1890-க்குப் பின். சுதைப்பூ, அரைத்தூண், வண்ண ஓடு என்று முகப்பு நிறைந்திருந்தால் 1920-களும் 30-களும். கிடைக்கோடுகள் நீண்டு, சாம்பல் நிறச் சரளைப் பூச்சோடு, உச்சியில் ஆண்டு பொறித்திருந்தால் ஆர்ட் டெக்கோ. இந்த வகையில் ஆண்டை அதுவே சொல்லிவிடும். பையனுக்கு இந்த ஆண்டு தேடும் வேலையைக் கொடுங்கள், லெபோ பந்தாயிலும் சூலியாவிலும் நிறையக் கிடைக்கும்.

அடுத்தது சுவரின் கீழ்ப்பகுதி. தரையிலிருந்து இடுப்பளவு வரை வண்ணம் உரிந்து, வெள்ளைப் பூ பூத்து, செங்கல் பொடியாக உதிர்வதைப் பல இடத்தில் காண்பீர்கள். பழைய சுவருக்கு அடியில் ஈரத்தடுப்புப் படலம் கிடையாது. நிலத்து நீர் செங்கல் வழியாக ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே ஆற விட்டுவிடும். பிற்காலத்தில் அதன் மேல் சிமெண்டும் பிளாஸ்டிக் வண்ணமும் பூசினார்கள். நீர் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறியது, அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் உறைந்து செங்கலைத் தின்றது. வலுவாக்கப் பூசியதுதான் சுவரை அழித்தது. முறையாகச் சீரமைத்த வீட்டில் சுண்ணாம்புப் பூச்சு மங்கலாக, சற்றே ஏற்ற இறக்கமாக இருக்கும். மினுமினுப்பாக வழவழவென்று தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

இவ்வளவு கடைவீடு இடியாமல் மிஞ்சியதற்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பெரிய காரணம். வாடகை ஏறாததால் இடித்துக் கட்டுவதில் உரிமையாளருக்கு இலாபம் இல்லை. 2000 ஜனவரி முதல் அந்தப் பாதுகாப்பு போனது. தலைமுறையாக இருந்த குடித்தனங்கள் வெளியேறின. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து உலக மரபுடைமைப் பட்டியலில் இடம் கிடைத்தபோது பல வீடுகள் காலியாகிவிட்டிருந்தன. இன்னும் வேலை நடக்கும் வீட்டைப் பார்த்தால் நின்று வணக்கம் சொல்லுங்கள்: கம்பிக்கூடை பின்னுபவர், பெயர்ப்பலகை செதுக்குபவர், பூமாலை கட்டுபவர். கட்டடம் நிற்பது அவர்களால்தான்.

நிபோங்மரம்:

பெயர்க் குழப்பத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஜாலான் பினாங் வேறு, லெபோ பினாங் வேறு. இடையில் ஒரு கிலோமீட்டர். முதலாவது கொம்தார் பக்கம் பெரிய சாலை, இரண்டாவது லிட்டில் இந்தியாவுக்குள். கிராப் வாடகைக் கார் ஏறும்போது முழுப் பெயரையும் சரிபாருங்கள். லெபோ சூலியா, லோரோங் சூலியா இரண்டும் அப்படித்தான். பெயருக்கு முன்னால் 'காட்' என்று வந்தால் நீங்கள் லெபோ பந்தாய்க்குக் கடல் பக்கம் இருக்கிறீர்கள் என்று பொருள். பழைய கரை லெபோ பந்தாய்தான். அதற்கு அப்பால் எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தூர்த்த நிலம். வழி தவறினால் இது ஒன்றே போதும், திசை பிடிபட்டுவிடும்.

இன்னொன்று: உள்தெருக்கள் பல ஒருவழிப் பாதை. 400 மீட்டர் போக வேண்டிய இடத்துக்குக் கார் ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றும். அம்மாவுக்கு நடக்க முடியாமல் போனால் உள்ளே நின்று கார் கூப்பிடாமல் லெபோ பந்தாய்க்கோ பெங்காலான் வெல்டுக்கோ வந்து கூப்பிடுங்கள். ஃபெரித் துறைக்கும் கொம்தாருக்கும் இடையே ரேபிட் பினாங்கின் இலவச கேட் (CAT) பேருந்தும் ஓடுகிறது.

கிள்ளான்வாசி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். சனி காலை எங்கே நேரம் நெருக்கும்? சுவரோவியத்தை முழுக்க விட்டுவிட வேண்டாம், பையன் கேட்கிறான். படகுத்துறையில் அம்மா நடக்க முடியுமா?

லெபோபாசார்:

நெருக்கம் கூ கொங்சியிலிருந்து ஆர்மேனியன் தெரு வரைதான். 10 மணிக்கு மேல் பேருந்துக் கூட்டம் வந்துவிடும். எனவே 7.45-க்கு ஆர்மேனியன் தெருவில் ஓவியத்தை முதலில் பார்த்துவிடுங்கள்: லிதுவேனிய ஓவியர் எர்னெஸ்ட் ஸகாரெவிச் 2012-இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள். அந்நேரத்தில் வரிசை இராது. அதே தெருவில் 120-ஆம் எண், 1910-இல் சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட் சென்னின் இயக்கத்துக்குத் தளமாக இருந்த வீடு. முகப்பை மட்டும் பார்த்தாலும் நல்லது. ஆங்காங்கே சுவரில் இருக்கும் இரும்புக்கம்பிச் சித்திரங்களை விடாதீர்கள், அந்தந்தத் தெருவின் தொழிலையும் பெயரையும் அவை சொல்கின்றன. அங்கிருந்து வடக்கே ஏறி நாகூர் தர்கா, கப்பித்தான் பள்ளிவாசல் பார்த்துவிட்டு 9-க்குக் கூ கொங்சி வாசலில் நில்லுங்கள். கொஞ்சம் திரும்ப நடக்க வேண்டியிருக்கும், கால் கிலோமீட்டர்தான் கூடும்.

அஞ்சடி:

படகுத்துறையில் பலகைப் பாதை சமமாக இருக்கும், படி இல்லை, அம்மாவால் முடியும். பலகை இடைவெளியில் கைத்தடி முனை சிக்கும். தடி ஊன்றுபவர் என்றால் நடுவில், பலகையின் குறுக்கே ஊன்ற வேண்டும். மழை பெய்து ஓய்ந்த உடனே போகாதீர்கள், பாசி வழுக்கும். பையனின் கையை விடாதீர்கள், பல இடத்தில் ஓரத்தடுப்பு இல்லை. இரு பக்கமும் மக்கள் குடியிருக்கும் வீடுகள். கதவு திறந்திருந்தாலும் உள்ளே எட்டிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் கூடாது. போகும்போது பெங்காலான் வெல்டைச் சமிக்ஞை விளக்கு உள்ள இடத்தில் மட்டும் கடந்து போங்கள், அங்கே வண்டிகள் வேகமாக வரும்.

நிபோங்மரம்:

தேதி தைப்பூசத்தை ஒட்டி வந்தால் மட்டும் வழியை மாற்ற வேண்டியிருக்கும். லெபோ பினாங்கில் உள்ள நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதமும், லெபோ குயின் மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் முந்தின நாள் விடியலில் புறப்படும். வெள்ளி ரதம் 1894 முதல் ஓடுகிறது, தங்க ரதம் 2017 முதல். லிட்டில் இந்தியா தெருக்கள் ரதம் புறப்படுவதற்கு முந்தின இரவே நிறைந்துவிடும், தேங்காய் உடைத்த சாலையில் ஓடு காலில் குத்தும். அந்த நாளில் கோட்டைப் பக்கத்தைக் காலையில் விட்டுவிட்டு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், விடியலில் ரதத்தைப் பாருங்கள்.